பெட்டியை மாற்றுமுன் ஷாஃப்டைப் பாருங்கள்

திருக்கோவிலூரிலிருந்து புறப்பட்டு, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைக்குப் போகும் ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப் மூன்று விதமான தரையைச் சந்திக்கிறது. சமவெளியில் தார்ச்சாலை, கோமுகி அணைப் பக்கம் தாண்டியதும் வளைந்து ஏறும் மலைச்சாலை, அங்கிருந்து உள்கிராமங்களுக்குப் பிரிந்தால் கல்லும் செம்மண்ணும். மூன்றுக்கும் ஏற்றபடி எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்கு மட்டுமோ, நான்கு சக்கரங்களுக்குமோ பிரித்துத் தருவது கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். அது ஊளையிட ஆரம்பித்தாலோ ஆயில் சொட்டினாலோ, “பெட்டியையே மாத்திடலாம்” என்ற யோசனைதான் முதலில் வரும். பெரும்பாலான வண்டிகளுக்கு அது தேவையே இல்லை. கெட்டுப்போன காரணத்தைத் தேடாமல் மாற்றினால், போடுகிற பெட்டியும் அதே வழியில்தான் போகும்.

இந்தியச் சாலைகளில் மிச்சமிருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளின் வேர் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப். 1940களின் இறுதியில் பம்பாயில் அதைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, அந்த அமைப்பையே பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. வில்லிஸில் இருந்தது ஸ்பைசர் 18 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ். பிறகு வந்த சிஜே-3பி முதலிய வண்டிகளிலும் அதன் வழிவந்த பெட்டிகளே. கியர்பாக்ஸிலிருந்து வரும் விசை இதில் நேராகப் பின்னால் போவதில்லை. நடுவில் உள்ள இடைநிலை கியரைச் சுற்றவைத்து, பக்கவாட்டில் தள்ளியிருக்கும் வெளியீட்டு ஷாஃப்டுக்குப் போகிறது. லோ போட்டாலும் ஹை போட்டாலும், ஃபோர்வீல் போட்டாலும் போடாவிட்டாலும், வண்டி நகரும் ஒவ்வொரு மீட்டருக்கும் அந்த இடைநிலை கியர்தான் சுமை தாங்குகிறது. “எனக்கு ஃபோர்வீலே வேண்டாம், முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் பெட்டி பிழைக்கும்” என்பவர்களுக்கு இதுவே பதில். முன் ஷாஃப்டைக் கழற்றினாலும் இடைநிலை கியருக்கு ஓய்வு கிடையாது.

அந்தக் கியரைக் கையில் எடுத்துப் பார்த்தால் பழுதின் வரலாறு தெரியும். அது நிலையாகப் பூட்டிய ஒரு சிறு ஷாஃப்டின் மேல், தீக்குச்சி போன்ற நீடில் பேரிங்குகளில் சுற்றுகிறது. இரண்டு முனையிலும் பித்தளை நிற வாஷர்கள். ஆயில் குறைந்தபடி ஓடிய வண்டியில் ஷாஃப்டின் மேற்பரப்பு வழுவழுப்பை இழந்து, நீடில்கள் பதிந்த கோடுகளும் பொத்தல்களும் தெரியும். வாஷர் தேய்ந்து தாள்போல ஆகியிருக்கும். ஆனால் கியரின் பற்கள் பல வண்டிகளில் நன்றாகவே இருக்கும். அதாவது கெட்டது ஒரு ஷாஃப்ட், ஒரு கட்டு நீடில், இரண்டு வாஷர். இதைத் திறக்காமலே ஊகிக்கவும் வழி உண்டு. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸில் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் இடைநிலை கியர் சுற்றும், வண்டி நகராது. அப்போதே ஊளை கேட்டால் சந்தேகம் அங்கேதான். கியர்பாக்ஸையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகும் அதே சத்தம் இருந்தால் குற்றம் கியர்பாக்ஸுடையது. வண்டி ஓடும்போது மட்டும் வந்தால் வெளியீட்டு பேரிங்கையும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸையும் பார்க்கவேண்டும்.

ஆயில் குறைவை அடுத்து, பெட்டியைக் கொல்லும் பெரிய காரணம் தார்ச்சாலையில் ஃபோர்வீல் ஓட்டுவது. இந்தப் பெட்டியில் முன், பின் ஷாஃப்டுகளுக்கிடையே டிஃபரன்ஷியல் இல்லை. ஃபோர்வீல் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றமுடியும். வளைவிலோ முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துவிடும். தாரில் வழுக்காது, முறுக்கம் பற்களிலும் பேரிங்கிலும் ஏறும். நேர்ச்சாலையிலும் தப்பில்லை என்று நினைக்கவேண்டாம். முன்னால் புது டயரும் பின்னால் 8 மில்லிமீட்டர் தேய்ந்த டயரும் இருந்தால், 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் சுமார் 2.3 சதவீத வேறுபாடு, கிலோமீட்டருக்கு 23 மீட்டர். வெள்ளிமலைச் சாலையில் மூட்டையும் ஆளுமாக ஏறும் ஓட்டுநரின் சங்கடம் இங்கேதான். அவருக்குத் தேவை லோ கியரின் இழுவை. ஆனால் இந்தப் பெட்டியில் ஃபோர்வீல் போடாமல் லோ விழாது. முழு விசையும் பின் ஆக்ஸிலில் மட்டும் இறங்கி அதை முறித்துவிடக்கூடாதென்று, இரண்டு கம்பிகளுக்கிடையே ஒரு சின்னப் பின்னை வைத்துத் தடுத்திருக்கிறார்கள். அந்தப் பின்னைக் கழற்றி எறிவது எளிய வழியாகத் தோன்றும். சுமையோடு ஏற்றத்தில் அது ஆக்ஸில் ஷாஃப்டைப் பணயம் வைக்கும் காரியம். தார் உள்ளவரை சுமையைக் குறைத்து ஹையில் முதல் கியரில் ஏறி, தார் முடியும் இடத்தில் ஃபோர்வீல் போடுவதே சரி. போட்ட பிறகு நெம்புகோல் வெளியே வர அடம்பிடித்தால் சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கம் விட்டுப்போகும், அதை அடித்து இழுக்கக் கூடாது.

வண்டி ஓடினால்தான் வருமானம், பிரித்துப் பூட்ட நாளாகும், சென்னை புதுப்பேட்டையில் பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பழைய பெட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. இடைநிலை ஷாஃப்டே காலத்துக்கேற்ப முக்கால் அங்குலம், ஒன்றே அரைக்கால் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என்று பெருத்து வந்திருக்கிறது. லோ விகிதம் போர்க்கால வண்டியில் 1.97, பின்னால் வந்தவற்றில் 2.46. வாங்கும் பெட்டி எத்தனை ஆண்டு ஆயில் இல்லாமல் ஓடியது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே அதையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும். திறப்பதென்றால் சொந்தப் பெட்டியையே திறக்கலாமே. வார்ப்பு விரிசல் விட்டிருந்தாலோ, பற்கள் உடைந்திருந்தாலோ, ஷாஃப்ட் உட்காரும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து நல்ல லேத் பட்டறையிலும் ஸ்லீவ் போட முடியாத நிலையில் இருந்தாலோ மாற்றுவதுதான் முறை.

பூட்டும்போது அவசரப்படக்கூடாத இடம் வெளியீட்டு ஷாஃப்டின் முன்பின் ஆட்டம். ஷிம்களைக் கூட்டிக் குறைத்து அதை 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் கொண்டுவரவேண்டும். கையால் அசைத்துப் பார்த்து முடிவு செய்யாமல் டயல் கேஜ் வைத்து அளக்கவேண்டும். இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும், தளர்ந்தால் சீல் கசியும். பின்பக்க சீலை மலிவாகப் போட்டுவிடக் கூடாது. பழைய மாடல்களில் ஹேண்ட் பிரேக் டிரம் அந்த ஷாஃப்டின் மேலேயே இருப்பதால், அங்கே கசியும் ஆயில் பிரேக் ஷூவை நனைத்துவிடும். ஏற்றத்தில் ஆள் ஏற்ற நிறுத்திய வண்டி நிற்காது. அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், கியர் போட்டு நிறுத்தினாலும் பயனில்லை. பெட்டிக்குப் பிடிக்கும் ஆயில் சுமார் ஒன்றரை லிட்டர்தான். சுமையோடு முதல் தடவை மலை ஏறி இறங்கியதும் அதை வடித்து, அடியில் பித்தளைத் தூளோ இரும்புச் சீவலோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, புது ஆயில் ஊற்றவேண்டும்.