இளவேனில் ஒவ்வாமையும் குத்தூசி வைத்தியமும்

இளவேனில் என்றதும் தமிழறிந்தார் நெஞ்சில் தென்றலும் குயிலும் தோன்றுதல் இயல்பு. ஆயின், நம்மவர் பலர் குடியேறி வாழும் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே அப்பருவம் தும்மலுக்கும் மூக்கு நீருக்கும் கண்ணரிப்புக்கும் உரிய காலமாகவும் அமைந்துள்ளது. இந்நோயுடையோர் பலர் குத்தூசி வைத்தியத்தையும் பிற இயற்கை முறைகளையும் நாடுகின்றனர். மருத்துவன் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியைத் துணிதல் வேண்டும் என்பது ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி நின்று இப்பொருளை ஈண்டு நோக்குவாம்.

முதலாவது, நோய். 1819 ஆம் ஆண்டிலே இலண்டன் வைத்தியராகிய ஜோன் பொஸ்ரொக் என்பார், கோடைதோறும் தம்மை வருத்திய இந்நோயின் குறிகளை முறையாக எழுதி வைத்தியர் சங்கத்தின் முன் வைத்தனர். புது வைக்கோலின் மணமே இதற்குக் காரணமென மக்கள் கருதியமையால் ‘வைக்கோற் காய்ச்சல்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. உண்மையில் வைக்கோல் இதற்குக் காரணமன்று. காய்ச்சலும் இதன் குறியன்று.

அடுத்தது, காரணம். மஞ்செஸ்ரர் நகரத்துச் சாள்ஸ் பிளக்லி என்னும் வைத்தியர் புல்லின் மகரந்தத்தைத் தம் தோலிலும் மூக்கிலும் இட்டுச் சோதித்தும், பட்டங்களைப் பறக்கவிட்டு மேற்காற்றிலுள்ள மகரந்தத்தைப் பிடித்தும், அதுவே நோய்க்கு முதல் என 1873 இல் வெளிவந்த நூலிலே நிறுவினார். 1906 இல் வியன்னா நகரத்துக் கிளெமென்ஸ் வொன் பேர்க்கே, ‘அலேர்ஜி’ என்னும் சொல்லை ஆக்கினார். அதனையே நாம் ஒவ்வாமை என்கின்றோம். தீங்கற்ற மகரந்தத்தைப் பகையெனப் பிழைபட உணரும் உடல், அதற்கெதிராக ஐ.ஜி.ஈ. என்னும் பிறபொருளெதிரியைத் தோற்றுவிக்கின்றது. இப்புரதம் 1960 களின் பிற்பகுதியிலே கண்டறியப்பட்டது. மகரந்தம் மீண்டும் மூக்கினுட் புகும்பொழுது, இவ்வெதிரியைத் தாங்கிய கலங்கள் ஹிஸ்ரமின் முதலியவற்றைச் சொரிகின்றன. அதன் விளைவே தும்மலும் அரிப்பும்.

மூன்றாவது, தணிக்கும் வழி. சீனத்துப் பழைய மருத்துவம், ‘சீ’ எனப்படும் உயிராற்றல் உடலிலுள்ள நெறிகளின் வழியே ஓடுகின்றது என்றும், அதன் தடையே நோய் என்றும் கூறும். மயிர்போன்ற நுண்ணிய ஊசிகளைக் குறித்த இடங்களிற் செருகி அத்தடையை நீக்குதல் அதன் முறை. மூக்கு நோய்க்கு நாசியின் இருமருங்கிலும், கைப்பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலும் ஊசி வைப்பர். அந்நெறிகளை உடற்கூற்று நூலார் கண்டிலர். எனினும், ஒரு கொள்கை நிறுவப்படாமை கொண்டே அதன் வழிவந்த செய்முறை பயனற்றது என முடித்தல் தருக்கமாகாது. பயனைச் சோதித்தே அறிதல் வேண்டும்.

அத்தகைய சோதனையொன்று ஜேர்மனியிலே நடைபெற்று 2013 இல் வெளியாயிற்று. மகரந்த ஒவ்வாமையுடைய 422 பேர் மூன்று பிரிவினராக்கப்பட்டனர். ஒரு சாரார்க்கு உரிய இடங்களில் ஊசி வைத்தனர். மற்றொரு சாரார்க்கு அவ்விடங்களல்லாத பிற இடங்களில் மேலோட்டமாகச் செருகினர். மூன்றாஞ் சாரார்க்கு ஊசியே வைத்திலர். வேண்டும்பொழுது மருந்துண்ணுதல் மூவர்க்கும் பொது. எட்டு வாரங்களிலே பன்னிரண்டு முறை ஊசி வைத்த பின்னர், முதற் பிரிவினர் ஏனையோரினும் நலமுற்றிருந்தனர். அவர்கள் உண்ட மருந்தும் குறைந்திருந்தது. ஆயின் அவ்வேற்றுமை சிறிது. பதினாறாம் வாரத்தின் பின் அது காணப்படவுமில்லை. அமெரிக்க மூக்கு வைத்தியர் சங்கம் 2015 இல் வகுத்த நெறிமுறையும், மருந்தில்லா முறையை விரும்புவோர்க்கு இதனை வழங்கலாம் என்ற அளவிலே அமைந்தது. ஆகவே குத்தூசி சிலர்க்குத் துணையாகலாம், நோயை வேரறுப்பதன்று. ஒருமுறையே பயன்படும் தூய ஊசியும் பயிற்சியுடைய கையும் இதற்கு இன்றியமையாதன. மார்பருகே பிழைபடச் செருகிய ஊசி நுரையீரலைத் துளைத்தலும், அரிதாயினும், நிகழ்ந்துள்ளது.

ஏனைய இயற்கை முறைகளுள் உப்புநீரால் நாசியைக் கழுவுதல் சிறந்தது. யோக நூலார் நேதி எனக் கூறும் நாசி சுத்தியோடு இஃது ஒப்புமையுடையது. கொதிக்க வைத்து ஆறிய நீரையே இதற்குக் கொள்ளல் வேண்டும். குழாய்நீரை அவ்வாறே பயன்படுத்துதல் தீங்கு பயக்கக்கூடும். காற்று மிக்க நாளிற் சாளரங்களை மூடுதல், வெளியே சென்று வந்தபின் நீராடுதல், ஆடைகளை வீட்டினுள் உலர்த்துதல் என்பனவும் நன்மை தரும். தேனுண்டால் இந்நோய் நீங்கும் என்பாருளர். தேனீ நாடுவது பெரும்பாலும் நிறமும் மணமுமுள்ள மலர்களை; நோய் தருவதோ காற்றிற் பரவும் புல்லின் மகரந்தம். ஆதலின் அக்கூற்று பொருந்துமாறில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். 2016 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள் மாலை மெல்பேணில் இடிப்புயல் எழுந்தது. றைப்புல்லின் மகரந்தம் ஈரத்தால் வெடித்து நுண்துகள்களாகிக் காற்றிற் கலந்தது. முழு மகரந்தமாயின் மூக்கிலே தங்கும். அதன் நுண்துகளோ நுரையீரலின் ஆழம் வரை செல்லும். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளை அடைந்தனர். பத்துப் பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோருட் பலர் தமக்குத் தொய்வு நோய் உண்டென்பதை முன்னர் அறியாதவர். அவர்களிற் பெரும்பாலோர் மகரந்த ஒவ்வாமை உடையவர். இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தோர் தம் தொகைக்கு மிகுதியாக அவர்களுள் இருந்தனர் என்பதும் பின்னர் வெளிப்பட்டது. இத்தும்மல் சிறு நோயென இகழத்தக்கதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆகையால், பருவம் தொடங்குமுன்னரே வைத்தியரை அணுகி மூக்குத் தெளிமருந்தைத் தொடங்குதலும், இளைப்பு அல்லது இரவிருமல் உடையோர் உள்ளிழுக்கும் மருந்தைத் தவறாது கைக்கொள்ளுதலும் முதற்கடமையாம். 1911 இல் இலண்டன் வைத்தியர் லெனாட் நூன் தொடக்கிய முறையும் உண்டு. மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஏற்றி உடலைப் பழக்கும் அது, இன்று நாவின்கீழ் வைக்கும் மாத்திரையாகவும் கிடைக்கின்றது. நோயின் முதலைத் தொடும் முறை இதுவேயாகும்.

பழமை பற்றி ஒன்றைப் போற்றுதலும், பழமை பற்றியே அதனைத் தள்ளுதலும் அறிவுடையார் செயலல்ல. குத்தூசியை விரும்புவோர் அதனைத் துணையாகக் கொள்க. அதன்பொருட்டு மூச்சைக் காக்கும் மருந்தை மட்டும் கைவிடாதிருப்பாராக.