மூளைப் புற்றின் முன்னறிகுறிகள்

தலைவலி வராத மனிதர் இல்லை. ஒற்றைத் தலைவலி, உறக்கமின்மை, மன உளைச்சல் முதலியனவே பெரும்பாலான தலைவலிகளுக்குக் காரணங்களாகும். மிகச் சிலருக்கு மட்டுமே அது மூளைக் கட்டியின் அறிகுறியாக அமைகிறது. அச்சிலரைக் காலத்தே இனங்காண்பது இன்றியமையாததாகும்.

மூளையில் தோன்றும் புற்றுகளுள் மிகக் கொடியது 'கிளையோபிளாஸ்டோமா'. பெரும்பாலும் நடுவயதைக் கடந்தோரைத் தாக்கும் இது விரைந்து வளர்வது. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி போன்றது. கட்டியும் அதைச் சூழ்ந்த வீக்கமும் பெருகப் பெருக உள்ளழுத்தம் உயர்கிறது. படுத்திருக்கையில் அது மேலும் மிகுவதால், விடியற்காலையில் தலைவலி கடுமையாகி வாந்தியும் சேரலாம். வாரத்துக்கு வாரம் வலுக்கும் இத்தகைய வலியைப் புறக்கணித்தலாகாது.

பிற அறிகுறிகள் கட்டி அமைந்த இடத்தைப் பொறுத்தவை. முன்பு வலிப்பே கண்டிராதவருக்கு முதன்முறையாக வலிப்பு வரலாம், ஒரு பக்கக் கை கால் தளரலாம், பேச்சுத் தடுமாறலாம், பார்வையில் ஒரு பகுதி மறையலாம். முன்மூளை பாதிக்கப்பட்டால் குணமே மாறும். கோப்புகளைச் செம்மையாகக் கவனித்து வந்த அலுவலர் அக்கறையற்றவராகும்போது, அதைச் சோம்பல் என்று பிறர் கருதிவிடுவதுண்டு.

நம் நாட்டில் வலிப்புக்கு நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்குவதும், காசநோய்க் கட்டியும் காரணமாகின்றன. இவை மருந்தால் குணமாகக் கூடியவை. ஆகவே, வலிப்பு வந்தவுடன் புற்று என அஞ்சவும் வேண்டா. பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது. வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவ உதவி நாடுவதே முறை.

புதுடில்லியில் 1956-இல் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், 1965-இல் டாக்டர் பி. என். டாண்டன் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அந்நாளில் சி.டி. ஸ்கேன் கருவி உலகில் எங்கும் இல்லை. 1971-இல்தான் லண்டனில் நோயாளி ஒருவருக்கு முதன்முதலில் அது பயன்பட்டது. இன்று சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் கட்டியைக் காட்டுகின்றன. திசுப் பரிசோதனை அதன் தன்மையை உறுதி செய்கிறது.

அறுவைக்குப்பின் கதிர்வீச்சுடன் டெமோசோலமைடு மருந்தும் அளித்தால், நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் சுமார் 12 மாதங்களிலிருந்து 15 மாதங்களை நெருங்குவதாக 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. முழுக் குணம் இன்னும் கைகூடவில்லை. எனினும் உடல் தளருமுன் வருபவர் சிகிச்சையைத் தாங்க வல்லவராகிறார். பேச்சும் நினைவும் உள்ளபோதே தம் முடிவுகளைத் தாமே எடுக்கவும் இயலுகிறது. காலத்தே அறிவதன் பயன் இதுவே.