பைனஸ் காயிடம் பாடம் கேட்ட மண்டபம்



மழைக்காலத்தில் வீட்டு மரக்கதவு இறுகிப்போய்த் திறக்க மறுப்பதைக் கண்டிருப்பீர்கள். வெயில் வந்ததும் அதே கதவு இலகுவாகத் திறக்கும். காரணம் யாது? மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரிவடைகின்றது, உலர்ந்ததும் சுருங்குகின்றது. இதனை மரத்தின் குறை என்று கருதி, தச்சரை அழைத்துக் கதவின் ஓரத்தைச் சீவிவிடுகின்றோம். இந்தக் குறையையே கட்டடத்தை இயக்கும் சக்தியாக மாற்றியவர்களைப் பற்றி இப்பாடத்தில் நோக்குவோம்.

1. பைனஸ் காய் திறப்பது எவ்வாறு?

ஹல்துமுல்லை, பண்டாரவளைப் பக்கங்களில் பைனஸ் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். கீழே விழுந்து கிடக்கும் காய் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் அதன் செதில்கள் மூடிக்கொள்ளும். வெயிலில் காயவிட்டால் மீண்டும் விரியும்.

காய் உயிரற்றது. எனினும் அசைகின்றது. ஒவ்வொரு செதிலிலும் இரண்டு படைகள் உண்டு. வெளிப்படை ஈரத்தில் அதிகம் நீள்கின்றது. உட்படை அவ்வாறு நீள்வதில்லை. ஆகவே ஈரத்தில் செதில் உட்பக்கமாக வளைந்து மூடுகின்றது. உலர்ந்தால் வெளிப்பக்கமாக வளைந்து திறக்கின்றது; விதைகள் காற்றில் பறக்கின்றன.

2. துலங்கல் காட்டும் கட்டடம்

விஞ்ஞானப் பாடத்தில் தூண்டல், துலங்கல் என்பவற்றைக் கற்றிருப்பீர்கள். ஒளி, வெப்பம், ஈரம் முதலிய தூண்டல்களுக்கு ஏற்பத் தன் நிலையை மாற்றும் கட்டடமே துலங்கல் காட்டும் கட்டடம் ஆகும். இது இரு வகைப்படும்.

(அ) இயந்திரத்தால் இயங்குவது: பாரிஸ் நகரில் 1987இல் திறக்கப்பட்ட அரபு உலக நிறுவனக் கட்டடம் இதற்கு உதாரணம். கட்டடக் கலைஞர் ழான் நூவெல். ஒளியின் அளவுக்கேற்பச் சுவரிலுள்ள துவாரங்கள் மோட்டர்களால் சுருங்கி விரியும்படி அமைக்கப்பட்டன. காலப்போக்கில் அவற்றுட் பல பழுதடைந்தன.

(ஆ) பொருளின் இயல்பால் இயங்குவது: ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அகிம் மெங்கஸ் குழுவினர் 2013இல் உருவாக்கிய 'ஹைக்ரோஸ்கின்' மண்டபம் இதற்கு உதாரணம். இது பிரான்ஸின் ஒர்லியன்ஸ் நகரிலுள்ள பிரக் சென்டர் என்னும் கலை நிறுவனத்தின் சேகரிப்புக்காகச் செய்யப்பட்டது.

3. ஹைக்ரோஸ்கின் மண்டபம்

'பவிலியன்' என்றதும் மைதானத்தில் கிரிக்கெட் பார்க்கும் இடம் நினைவுக்கு வரலாம். கட்டடக்கலையில் ஒரு புதிய எண்ணத்தைக் கட்டிக் காட்டும் சிறு மண்டபத்தையும் அவ்வாறே அழைப்பர்.

இம்மண்டபத்தின் சுவர் ஒன்றுக்கொன்று வேறுபட்ட 28 ஒட்டுப்பலகைக் கூறுகளால் ஆனது. அவற்றில் 1,100 சிறு துவாரங்கள் உண்டு. அவற்றை மூடும் இதழ்கள் மெல்லிய மரச்சீவலால் ஆனவை. வெயில் நாளில் அவை விரிந்து வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன; மழை நெருங்கிக் காற்றில் ஈரம் கூடும்போது மூடிக்கொள்கின்றன. சாரீரப்பதன் 30% முதல் 90% வரை மாறும் எல்லைக்குள் இவை துலங்குகின்றன. மோட்டர் இல்லை, மின்சாரம் இல்லை.

4. கணினியின் பங்கு என்ன?

மாணவர் பலர் இங்கே தவறு விடுவர். "கணினி துவாரங்களைத் திறக்கின்றது" என எழுதினால் புள்ளி கிடையாது. கணினியின் வேலை மண்டபம் எழும்பு முன்னரே முடிந்துவிட்டது. பலகை எவ்வளவு வளையும், ஒவ்வொரு கூறும் என்ன வடிவம் பெறும் என்பவற்றைக் கணினியில் கணித்தனர். அதன்படி ரொபோக் கை கூறுகளைத் துல்லியமாக வெட்டியது. அதன்பின் திறப்பதும் மூடுவதும் மரத்தின் வேலை.

5. நம் நாட்டில்

ஜெப்ரி பாவா (1919–2003) கணினியின் துணையின்றியே இயற்கைக்கு இசைந்த கட்டடங்களை அமைத்தவர். 1994இல் தம்புள்ளைக்கு அருகே திறக்கப்பட்ட கந்தளம ஹோட்டலில் பாறையை உடைத்தெறியவில்லை; பாறையை ஒட்டியே கட்டடம் செல்கின்றது. செடிகொடிகள் அதன் முகப்பை மூடியுள்ளன.

இயற்கை சொல்வதைக் கேளாவிடில் என்ன நேரும் என்பதை நமது பிரதேசமே அறியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயன் வீடுகளும் மக்களும் புதைந்தனர். அவ்விடம் அபாயமானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மலை அறிகுறி காட்டியது. வீடுகள் மட்டும் அங்கேயே இருந்தன. கட்டடம் இயற்கைக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பது நமக்கு அலங்கார வார்த்தை அன்று.

நினைவிற் கொள்க

* தூண்டல்: காற்றின் ஈரம். துலங்கல்: இதழ் வளைதல்.
* முன்மாதிரி: பைனஸ் காய்.
* வடிவமைப்பு: கணினி. வெட்டுதல்: ரொபோ. இயக்கம்: மரம்.

பயிற்சி வினாக்கள்

1. பைனஸ் காய் உலர்ந்ததும் திறப்பதற்கான காரணத்தை விளக்குக.
2. துலங்கல் காட்டும் கட்டடத்தின் இரு வகைகளையும் உதாரணத்துடன் ஒப்பிடுக.
3. மூடுபனியும் மழையும் மிகுந்த உங்கள் ஊருக்கு ஏற்ற வாசிகசாலை ஒன்றை அமைப்பதாயின் எவற்றைக் கவனிப்பீர்? (குறிப்பு: முதலில் நிலத்தின் சரிவையும் நீரோட்டத்தையும் எழுதுக, அழகைப் பின்னர் எழுதுக.)