ஏஜென்டுக்குக் கருவியை எழுதிச் சொல்வது எப்படி?

வியாபாரத்தில் ஏஜென்ட் என்றால் நமக்கெல்லாம் தெரியும். வெளியூர்ச் சந்தையில் நம் சார்பில் சரக்குப் பிடிப்பவர். இப்போது கம்ப்யூட்டரிலும் அந்தச் சொல் வந்துவிட்டது. நாம் பேச்சுவழக்கில் ஒரு வேலையைச் சொன்னால், எந்தக் கருவியால் அதைச் செய்வது என்று தானே தீர்மானித்துச் செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரல் அது. நம் அங்கத்தினர் சிலருடைய கடைகளில் பில், கணக்கு எல்லாம் ‘நாஸ்’ எனப்படும் சேமிப்பு சர்வரில்தான் இருக்கின்றன. அதைப் பராமரிக்கும் வேலையையும் ஏஜென்டிடம் விடும் காலம் வந்துவிட்டபடியால் இதை எழுதலானேன்.

ஏஜென்ட் சர்வரை நேரில் பார்ப்பதில்லை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற முறைப்படி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கக் குறிப்பு, நிரப்ப வேண்டிய விவரங்களின் படிவம் ஆகியவை அதன்முன் வைக்கப்படும். கருவிக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. குறிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதவாக்கு.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையை எடுத்துக்கொள்வோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் உருவானது. இன்று ட்ரூநாஸ் போன்ற சேமிப்பு மென்பொருள்கள் இதன்மேல்தான் ஓடுகின்றன. இதில் கோப்புகளை ‘டேட்டாசெட்’ என்ற தொகுதிகளாக வைப்பார்கள். ஒரு தொகுதி ஒரு நொடியில் இருந்த நிலையை அப்படியே பிடித்துவைப்பது ‘ஸ்நாப்ஷாட்’. அந்த நிலைக்குத் தொகுதியைத் திருப்புவது ‘ரோல்பேக்’.

இந்த ரோல்பேக் கருவிக்கு “ஸ்நாப்ஷாட்டிலிருந்து மீட்டெடுக்கும்” என்று ஒரு வரி எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை நாலு மணிக்குக் குமாஸ்தா, “நேத்து ராத்திரி இருந்த ஸ்டாக் ஃபைல் அழிஞ்சுபோச்சு, மீட்டுக் கொடு” என்கிறார். மீட்டெடுக்கும் என்று ஒரு கருவி இருக்கிறதே, ஏஜென்ட் அதை எடுத்து ஓட்டிவிடும். ஸ்டாக் ஃபைல் வந்துவிடும். ஆனால் காலையிலிருந்து அந்தத் தொகுதியில் போட்ட அத்தனை பில்லும் போய்விடும்! ரோல்பேக் ஒரு ஃபைலை மட்டும் திருப்புவதில்லை, தொகுதி முழுவதையும் திருப்புகிறது. கடைசி ஸ்நாப்ஷாட்டுக்கும் முந்தியதற்குப் போகவேண்டுமானால், அதற்குப் பின் எடுத்த ஸ்நாப்ஷாட்டுகளை அழித்துவிட்டுத்தான் போகமுடியும். தனியாகக் கட்டளையிட்டாலொழிய இசட்எஃப்எஸ் அப்படிச் செய்யாது. ஆனால் கருவியை எழுதினவர் வசதிக்காக அந்தக் கட்டளையையும் உள்ளே சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “ஒரு டேட்டாசெட் முழுவதையும் அதன் கடைசி ஸ்நாப்ஷாட்டின் நிலைக்குத் திருப்பும். அதற்குப் பின் எழுதியது எல்லாம் அழியும், திரும்ப வராது. ஒன்றிரண்டு ஃபைல்களை மீட்க இதை எடுக்காதே. அதற்கு ‘ஸ்நாப்ஷாட்டிலிருந்து நகலெடு’ என்ற கருவி இருக்கிறது. ஓட்டுமுன் டேட்டாசெட்டின் பெயரையும் ஸ்நாப்ஷாட் எடுத்த நேரத்தையும் சொல்லி உரிமையாளரிடம் சம்மதம் வாங்கு.” நீளம்தான். ஆனால் இதில் எந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம், சொல்லுங்கள்.

நன்னூல் ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது குன்றக் கூறலை முதலில் வைக்கிறது. மேலே கண்ட ஒற்றை வரி அந்த ரகம். மயங்க வைத்தல் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ‘நீக்கு’ என்று இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று பகிர்வை மட்டும் நீக்கும். ஃபைல்கள் உள்ளே பத்திரமாக இருக்கும். மற்றது டேட்டாசெட்டையே அழிக்கும். பெயரிலேயே இரண்டையும் பிரித்துக்காட்ட வேண்டாமா? மிகைபடக் கூறலும் ஆகாது. அறுபது கருவிக்கும் ‘ஜாக்கிரதை, ஜாக்கிரதை’ என்று எழுதினால் எது நிஜமான ஆபத்து என்று ஏஜென்டுக்குப் புரியாது.

அளவு விஷயத்தில் வியாபாரிகளுக்குச் சொல்லவே வேண்டாம். ‘ஒதுக்கீடு: 500’ என்றால் 500 என்ன? பைட்டா, ஜிபியா? ஜிபி என்றாலும் ஆயிரத்தின் மடங்கா, 1024-இன் மடங்கா? 4 டிபி என்று வாங்கிய டிஸ்க் 1024 கணக்கில் சுமார் 3.64 தான் வரும். படிவத்திலேயே அலகை எழுதிவிடுவது நல்லது.

கருவி என்ன பதில் தரும் என்பதையும் பலர் எழுதுவதில்லை. ‘ஸ்க்ரப்’ என்பது டிஸ்கில் உள்ள தரவு முழுவதையும் படித்துப் பிழை பார்க்கும் வேலை. பெரிய சர்வரில் பல மணி நேரம் ஆகும். கருவி தொடங்கிய உடனே ‘சரி’ என்று பதில் தந்தால், ஏஜென்ட் நம்மிடம் வந்து “ஸ்க்ரப் முடிந்தது, பிழை இல்லை” என்று சொல்லிவிடும். ‘இந்தச் சரி என்பது தொடங்கியதற்கு மட்டும், முடிந்ததா என்பதை நிலை பார்க்கும் கருவியில் கேள்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

இவ்வளவு எழுதினாலும் குறிப்பு என்பது பூட்டு ஆகாது. ‘இது படிக்க மட்டும்’, ‘இது அழிக்கக்கூடியது’ என்று கருவிக்கு முத்திரை குத்த அந்த புரோட்டோகாலில் வழி இருக்கிறது. அதுவும் வெறும் தகவல்தான், சர்வரைத் தடுக்காது. ஆகவே ஏஜென்டுக்குக் கொடுக்கும் கணக்கிலேயே அழிக்கும் உரிமையைக் குறைத்துவிடுவது உசிதம். இசட்எஃப்எஸ்ஸில் ‘ஹோல்ட்’ என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்நாப்ஷாட்டின்மேல் அதைப் போட்டுவிட்டால், எடுத்துவிடும்வரை அந்த ஸ்நாப்ஷாட்டை அழிக்க முடியாது. மாதக் கடைசிக் கணக்கின் ஸ்நாப்ஷாட்டுக்கு அதைப் போட்டுவிட்டு, ஹோல்டை எடுக்கும் கருவியை மட்டும் ஏஜென்டிடம் கொடுக்காமல் நம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.