பைலட் ஆகணுமா? பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்க!

கோவையில் பிளஸ் 2 முடித்த பிள்ளைக்கு பைலட் கனவா? விமானப் பயிற்சிப் பள்ளிக்காக இந்திய விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த இடங்களில், ஓமலூர் அருகே உள்ள சேலம் விமான நிலையமும் ஒன்று.

யார் சேரலாம்?

பிளஸ் 2-வில் இயற்பியல், கணிதம் படித்திருக்கணும். கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு வயது 18.

எவ்வளவு நேரம் பறக்கணும்?

விமானத்துக்கு 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் விமானம் மாணவர் பொறுப்பில். ஹெலிகாப்டருக்கு மொத்தம் 150 மணி நேரம். எழுத்துத் தேர்வுகள் தனி.

சிக்கல் எங்கே?

செலவு பல லட்சம். நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டிய பிறகு, டிஜிசிஏ மருத்துவப் பரிசோதனையில் 'தகுதியில்லை'ன்னு வந்தா? உரிமம் கிடைக்காது. கண்ணாடி போடுவது மட்டும் தடையல்ல, நிறக்குருடு சிக்கலாகலாம். அதனால முதலில் மருத்துவச் சான்று, அப்புறம்தான் ஃபீஸ்!