காது கேளாத குழந்தை நடக்கத் தாமதமா? காலை மட்டும் பார்க்காதீர்கள்!

"ரெண்டு வயசாகுது வைத்தியரே, இன்னும் தள்ளாடுறான். காலுக்கு ஏதாவது தைலம் குடுங்க" என்று பெரிய காஞ்சிபுரத்துத் தறிவீடுகளிலிருந்து குழந்தையைத் தூக்கி வருவார்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தை என்றால், தைலத்தை நான் தொடுவதில்லை. 'காதுக்கும் நடைக்கும் என்னங்க சம்பந்தம்?' என்பீர்கள். நிறைய இருக்கிறது!

உட்காதில் நத்தைக்கூடு மாதிரி இருக்கும் பகுதி, கேட்பதற்கு. அதை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்பியது, எது மேல், எது கீழ் என்று மூளைக்குச் சொல்பவை இவை. பரம்பரைக் கோளாறோ மூளைக்காய்ச்சலோ ஒன்றைக் கெடுத்தால், பக்கத்தில் இருப்பதும் கெடலாம். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாத 519 பேரைச் சுற்றவிட்டுப் பார்த்த விவரத்தை 1882-ல் வெளியிட்டார். அதில் 186 பேருக்குத் தலைசுற்றலே வரவில்லை!

நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லையா? ஒன்பது மாதத்தில் உட்காரவில்லையா? ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா? "இவங்க மாமாவும் லேட்டாத்தான் நடந்தான்" என்று இருந்துவிடாதீர்கள். 'அதான் பெரா டெஸ்ட் எடுத்தாச்சே' என்பார்கள் சிலர். பெரா, கேட்கும் பாதையைத்தான் காட்டும். சமநிலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. அம்மா மடியில் வைத்தே குழந்தையைச் சுழல்நாற்காலியில் சுற்றி, கண் எப்படித் துடிக்கிறது என்று பார்ப்பார்கள். தலையைச் சட்டென்று சிறிது திருப்பி, கேமரா மூலம் கண்ணசைவைப் பதிவு செய்வது இன்னொன்று. கழுத்தில் பட்டை ஒட்டி, பலத்த ஒலி கொடுத்து தசையின் துடிப்பைப் பார்ப்பதும் உண்டு. ஊசி கிடையாது, வலி கிடையாது. காக்ளியர் இம்ப்ளான்ட் செய்யும் பெரிய மருத்துவமனைகளில் கேளுங்கள். அந்த ஆபரேஷனே சில சமயம் சமநிலையைப் பாதிக்கும் என்பதால், அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கெட்டுப்போன உறுப்பை உயிர்ப்பிக்க என்னிடம் மூலிகை இல்லை. இருக்கிறது என்று யார் சொன்னாலும் பணத்தைக் கொட்டாதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாம். காதில் மட்டும் ஊற்றாதீர்கள். பிசியோதெரபி பயிற்சி கைகொடுக்கும். கண்ணும் காலும் ஈடுகட்டி, பெரும்பாலான குழந்தைகள் நடந்துவிடுவார்கள். சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் குழந்தையின் கண்ணையும் சோதியுங்கள். காது, சமநிலை இரண்டும் கெட்டு, பின்னால் மாலைக்கண்ணும் சேரும் ஒரு பரம்பரை நோய் உண்டு.

நடந்துவிட்டான் என்று மட்டும் அசந்துவிடாதீர்கள். கரண்ட் போனால் தறிக்குழியில் விழுவான். தண்ணீருக்குள் மூழ்கிக் கண்ணை மூடினால், எது மேல் என்றே அவனுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தவனுக்கும் இதே கதிதான். சர்வதீர்த்தக் குளமோ, கிணறோ, பெரியவர் கைபிடிக்காமல் இறக்காதீர்கள். பள்ளிக்கூட டீச்சரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.