மணிமங்கலம் ஏரி மூச்சு விடுகிறது!

ஏரி மூச்சு விடுமா?

"இதென்ன கேள்வி? மனிதன் மூச்சு விடுவான். மாடு மூச்சு விடும். தண்ணீர் எப்படி மூச்சு விடும்?" என்று கேட்பீர்கள்.

விடுகிறது! அந்த மூச்சை அளந்து பார்ப்பதற்கு ஒரு விஞ்ஞானமே இருக்கிறது. நீர்நிலைகளையும், அவற்றில் வாழும் உயிர்களையும் ஆராயும் விஞ்ஞானம் அது.

அதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம். தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலம் ஏரிக்கரையில் போய் நின்றால் போதும்.

போர் நடந்த ஊர்

மணிமங்கலம் பழம்பெரும் ஊர். 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் புலிகேசியை இங்கே தோற்கடித்தான். கூரம் செப்பேடு இதைச் சொல்லுகிறது.

இன்று இது தொழிற்சாலை வட்டாரம். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். இன்னொரு பக்கம் ஒரகடம். அங்கே கார்கள் தயாராகின்றன. வயல் இருந்த இடங்களில் வீடுகள் எழும்புகின்றன.

இந்த மாறுதலுக்கு நடுவே, பழைய ஏரி அப்படியே படுத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிறைகிறது. கோடையில் சுருங்குகிறது.

ஆறு பிறக்கும் இடம்

சென்னை நகரின் நடுவே ஓடிக் கடலில் கலப்பது அடையாறு. மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரியில் அது பிறப்பதாகச் சொல்லுவார்கள். ஆதனூர் ஏரியைச் சொல்லுகிறவர்களும் உண்டு.

எப்படியும், இந்த வட்டாரத்து ஏரிகள் நிரம்பி, கலங்கலில் வழியும் தண்ணீர்தான் அடையாற்றுக்கு உயிர். ஆற்றின் நீளம் சுமார் 42 கிலோ மீட்டர்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதியை யார் மறக்க முடியும்? தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டி மீட்டர் மழை கொட்டியது. அடையாறு பெருக்கெடுத்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன.

அன்று எல்லோரும், "தண்ணீர் எவ்வளவு?" என்று கேட்டார்கள்.

"தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று கேட்பது விஞ்ஞானியின் வேலை.

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

இந்தக் கேள்வியைச் சென்னையில் வெகு நாட்களுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள்.

1937-ம் ஆண்டில் என்.கே.பணிக்கர், ஆர்.கோபால அய்யர் என்ற இரு விஞ்ஞானிகள், சென்னையின் உப்பங்கழிகளில் வாழும் உயிர்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அடையாறு கடலில் சேரும் இடமும் அதில் உண்டு. அந்தப் பணிக்கர்தான், 1966-ம் ஆண்டில் தொடங்கிய தேசிய கடலாராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குனர்.

எம்.ஓ.பார்த்தசாரதி அய்யங்கார் என்ற அறிஞர், பாசிகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். நாம் வழுக்கி விழாமல் தாண்டிப் போகும் பாசியை, அவர் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அதுவரை உலகம் அறியாத ஒரு பாசி இனத்தைக் கண்டு, 1932-ம் ஆண்டில் அறிவித்தார்!

பாசிதான் உணவு

பாசிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஏரிக்குள் சோறு சமைப்பது அதுதான். கண்ணுக்குத் தெரியாத பாசி, வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கிறது. அதைச் சின்னஞ்சிறு பூச்சிகள் தின்கின்றன. பூச்சியைக் கெண்டை தின்கிறது. கெண்டையை விரால் விழுங்குகிறது. மீனைக் கொக்கும் நாரையும் கொத்துகின்றன. மனிதனும் வலை வீசுகிறான்.

பாசி இன்னொரு உதவியும் செய்கிறது. உணவு தயாரிக்கும்போது பிராணவாயுவை வெளியிடுகிறது. அந்த வாயு தண்ணீரில் கரைகிறது. காற்றிலிருந்தும் கொஞ்சம் கரைகிறது. அதைத்தான் மீன் சுவாசிக்கிறது.

ஆனால், தண்ணீரில் பிராணவாயு மிகவும் குறைவு. நம் ஊர் வெப்பத்தில், சாதாரணமாக ஒரு லிட்டர் தண்ணீரில் 7 அல்லது 8 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். மீன் வளர 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு.

விடியற்காலையில் மரணம்

வீட்டுச் சாக்கடை ஏரிக்குள் வந்தால் என்ன ஆகும்?

சாக்கடையில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்கின்றன. தின்னும்போது பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. சோப்புத்தூளில் உள்ள சத்தும், வயலில் போட்ட உரமும் சேர்ந்தால், பாசி அளவுக்கு மீறிப் பெருகும். ஏரி பச்சை வர்ணம் பூசியதுபோல் ஆகும்.

"பாசி பெருகினால் பிராணவாயுவும் பெருகுமே!" என்று நினைக்கலாம். பகலில் சரி. இரவில் வெயில் இல்லை. அப்போது பாசியும் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. விடியும் நேரத்தில் ஏரியின் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது.

அதனால்தான் கெட்டுப்போன ஏரியில், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. சூரியன் வருவதற்குள் செத்து மிதக்கின்றன.

"யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்!" என்று ஊரில் பேச்சு கிளம்பும். சில சமயம் அது உண்மையாக இருக்கலாம். பல சமயங்களில் ஏரி மூச்சுத் திணறி இருக்கும்!

மூச்சை அளப்பது எப்படி?

1888-ம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி விங்க்ளர் இதற்கு வழி கண்டுபிடித்தார். புட்டியில் தண்ணீரை எடுத்து, சில ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். பிராணவாயு இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் இறங்கும். அதைக் கொண்டு அளவைக் கணக்கிடுவார்கள். இன்று, தண்ணீரில் முக்கியதும் அளவு காட்டும் கருவிகளும் வந்துவிட்டன.

புழு, பூச்சிகளும் சாட்சி சொல்லும். சேற்றில் இரத்தச் சிவப்பாக நெளியும் ஒரு புழு உண்டு. நம் இரத்தத்தில் உள்ளது போன்ற சிவப்புப் பொருள் அதன் உடம்பிலும் இருப்பதால், பிராணவாயு குறைந்த சேற்றிலும் அது பிழைக்கும். மற்றப் பூச்சிகள் மறைந்து, அது மட்டும் மிகுந்திருந்தால் ஏரிக்கு நோய் என்று அர்த்தம்.

விரால் மீனைக் கண்டு ஏமாறக் கூடாது. அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். "விரால் இருக்கிறது. ஆகவே ஏரி நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவது தவறு.

நீங்களும் பார்க்கலாம்

எல்லோரும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. 1865-ம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பாதிரியார் செக்கி செய்து காட்டியது.

20 சென்டி மீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தட்டில் கயிறு கட்டுங்கள். கனத்துக்கு ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் இறக்குங்கள். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ, அந்த இடத்தில் கயிற்றில் முடிச்சுப் போடுங்கள். ஆழத்தையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.

மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே நேரத்தில் பாருங்கள். மழை பெய்தவுடன் தண்ணீர் கலங்கியிருக்கும். அது இயற்கை. மழையே இல்லாமல் தண்ணீர் பச்சையாகி, தட்டு சீக்கிரம் மறைய ஆரம்பித்தால், ஏன் என்று கேளுங்கள். எந்தக் கால்வாய் வழியாக என்ன வருகிறது என்று பாருங்கள். ஊராட்சியில் நோட்டைக் காட்டுங்கள்.

குழந்தைகள் தனியாக ஏரிக்குப் போகக் கூடாது. பெரியவர்கள் அழைத்துப் போக வேண்டும். தண்ணீரில் இறங்காமல், மதகின் மேல் பத்திரமாக நின்றே பார்க்கலாம்.

மேட்டில் உள்ள ஏரி கெட்டால், கீழே ஓடும் ஆறும் கெடும். மணிமங்கலத்தில் கால்வாயில் விழும் அழுக்கு, மணிமங்கலத்தோடு நிற்பதில்லை. அது முடிச்சூரைத் தாண்டி, சைதாப்பேட்டையைத் தாண்டி, கடல் வரை போகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குள் எழுந்து உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். மீன் துள்ளுகிறதா, வாயைப் பிளக்கிறதா?

உங்கள் ஏரியின் உடல்நிலை அப்போது தெரிந்துவிடும்.